ரெசின் மினியேச்சர்: எந்த இணைப்புக்கு எந்தப் பசை?

பிளாஸ்டிக் கிட் ஒட்டிப் பழகிய கை, முதல் ரெசின் (அச்சில் வார்த்தோ 3டி பிரிண்டரிலோ செய்வது) பொம்மையை எடுத்ததும் மேசையில் ஏற்கெனவே இருக்கும் டாமியா எக்ஸ்ட்ரா தின் என்ற பிளாஸ்டிக் சிமென்ட் பாட்டிலைத்தான் திறக்கும். பூசி, அழுத்தி, ஒரு மணி நேரம் காத்திருந்தாலும் கை தனியாக, உடல் தனியாக வந்துவிடும். பசை பழசு என்று நினைத்து இன்னொரு பாட்டில் வாங்குகிறவர்கள் உண்டு. பழுது பாட்டிலில் இல்லை. பிளாஸ்டிக் சிமென்ட் என்பது ஒட்டும் பசையே அல்ல, கரைப்பான். பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கின் இரு முகங்களையும் இளக்கி ஒன்றோடொன்று கலக்கவிட்டு, பிறகு ஆவியாகிப் போய்விடும். ரெசின் அப்படி இளகாது. ஒருமுறை இறுகிவிட்டால் அதன் மூலக்கூறுகள் வலை போலப் பின்னிக்கொள்கின்றன. சிமென்ட் அதன்மேல் ஈரமாக நின்று காய்ந்துவிடும், அவ்வளவுதான்.

கையில் இருப்பது ரெசினா பிளாஸ்டிக்கா என்று சந்தேகம் வந்தால், பேஸுக்குள் (பொம்மை நிற்கும் அடித்தளம்) மறையும் ஓரிடத்தில் அரத்தை இரண்டு முறை இழுத்துப் பாருங்கள். ரெசின் மாவாக உதிரும். பாலிஸ்டைரீன் சுருள் சுருளாகச் சீவிக்கொண்டு வரும். நகத்தால் அழுத்தினால் சற்றே இளக்கமாக, பிவிசி போல வளைகிற மூன்றாவது வகை ஒன்றும் இப்போது ரெசின் என்ற பெயரிலேயே விற்கப்படுகிறது. அதற்கும் பாலிஸ்டைரீன் சிமென்ட் உதவாது.

மிச்சமிருப்பவை இரண்டு: சூப்பர் க்ளூ எனப்படும் சயனோஅக்ரிலேட், இரண்டு டியூபாக வரும் எபாக்சி. எது எங்கே என்பதை பிராண்டு பார்த்து முடிவுசெய்ய வேண்டியதில்லை. இணைப்பில் எவ்வளவு இடைவெளி, அந்த இணைப்பு எவ்வளவு எடை தாங்க வேண்டும், இந்த இரண்டைப் பார்த்தால் போதும்.

தாள் சோதனை

பசையைத் தொடுவதற்கு முன் இரண்டு பாகங்களையும் வெறுமனே பொருத்திப் பாருங்கள். சாதாரண ஜெராக்ஸ் தாளின் (80 ஜிஎஸ்எம்) தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர். அந்தத் தாளின் ஒரு துண்டு இணைப்புக்குள் நுழையவில்லை என்றால் மெல்லிய சூப்பர் க்ளூவே போதும். ஒரு தாள் நுழைகிறது, மூன்று தாள் சேர்த்தால் நுழையவில்லை என்றால் கெட்டியான வகை அல்லது ஜெல். மூன்றும் தாராளமாக நுழைந்தால் சூப்பர் க்ளூவை மட்டும் நம்ப வேண்டாம். எபாக்சியோ, இடைவெளியை அடைக்கும் எபாக்சி புட்டியோ தேவை.

இடைவெளிக்கு இத்தனை முக்கியத்துவம் ஏன் என்றால், சூப்பர் க்ளூ இறுகும் விதம் அப்படி. அது காற்றில் காய்ந்து இறுகுவதில்லை. பொருளின் மேற்பரப்பில் படிந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஈரம்தான் அதைத் தூண்டிவிடுகிறது. மெல்லிய படலமாக இருந்தால் இரு பக்க ஈரமும் நடுவரை எட்டி, சில நொடிகளில் பிடித்துவிடும். தடித்த படலத்தில் ஓரங்கள் இறுகி நடு திரவமாகவே கிடக்கும். ‘நிறைய வைத்தால் நன்றாகப் பிடிக்கும்’ என்ற நினைப்பு மற்ற பசைகளில் பாதி பொய், இதில் முழுப் பொய்.

(இந்தப் பசையே ஒரு தோல்வியின் மிச்சம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஹாரி கூவர் குழுவினர் துப்பாக்கிக் குறிகாட்டிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது, தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொண்டு தொல்லை தருகிறது என்று இதை ஒதுக்கிவைத்தார்கள். 1958-ல்தான் பசையாக விற்பனைக்கு வந்தது.)

முதலில் கழுவுங்கள்

‘பசை பிடிக்கவில்லை’ என்ற புகாரில் பெரும்பாலானவற்றுக்குப் பசை பொறுப்பல்ல. வார்ப்பு ரெசின் சிலிக்கோன் அச்சிலிருந்து வருகிறது. அச்சிலிருந்து சுலபமாகக் கழல்வதற்காகப் பூசிய எண்ணெய்ப்பசை பாகத்தின்மேல் படிந்திருக்கும். அதன்மேல் ஒட்டினால் பசை எண்ணெயைத்தான் பிடித்துக்கொள்ளும், ரெசினை அல்ல. வெதுவெதுப்பான தண்ணீரில் சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, பழைய பல்துலக்கியால் மடிப்புகளுக்குள்ளும் தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, முழுக்கக் காயவிடுங்கள். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், மெல்லிய வாள்களும் ஈட்டிகளும் வளைந்துபோகும். ஏற்கெனவே வளைந்து வந்திருந்தால் அந்தக் குணமே உதவிக்கு வரும். 60 முதல் 70 டிகிரி சூட்டுத் தண்ணீரில் அரை நிமிடம் முக்கி, நிமிர்த்தி, உடனே குளிர்ந்த தண்ணீரில் பிடித்தால் அப்படியே நின்றுவிடும். இந்த நிமிர்த்தலை ஒட்டுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

3டி பிரிண்டரில் வந்த பாகங்களுக்கு வேறு கவனம் தேவை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் அலசியதும் ஆல்கஹால் முழுக்க ஆவியாக வேண்டும், அதன்பிறகு யூவி (புற ஊதா) வெளிச்சத்தில் இறுக்க வேண்டும். ஒட்டுவது அதற்குப் பிறகுதான். தொட்டால் பிசுபிசுக்கும் பாகத்தில் எந்தப் பசையும் நிற்காது. உள்ளே குடைவாகப் பிரிண்ட் செய்த பெரிய உடல்களில் இன்னொரு வம்பு: வடிகால் துளை போதாமல் உள்ளே தேங்கிய திரவ ரெசின், வாரங்கள் கழித்து இணைப்பின் வழியே கசிந்து வந்து பசையைக் கிளப்பிவிடும். பாகத்தை உலுக்கிப் பாருங்கள், துளை வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே பளபளப்பு தெரிந்தால் மறுபடி அலசல்தான்.

கழுவிக் காய்ந்த முகங்களை 320 நம்பர் உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்குங்கள். கண்ணாடி போன்ற வழவழப்பில் பசைக்குப் பிடிமானம் கிடையாது. உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பது நல்லது. ரெசின் தூசு நுரையீரலுக்கு ஆகாது. காய்ந்த நிலையில் தேய்த்தே ஆக வேண்டுமென்றால் என்95 முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். பிரைமரோ பெயின்டோ ஏற்கெனவே அடித்திருந்தால் இணைப்பு முகத்தில் மட்டும் அதைச் சுரண்டி ரெசினைக் காட்டுங்கள். பெயின்ட்மேல் ஒட்டியது பெயின்ட்டோடு உரிந்து வரும். தனித்தனியாகப் பெயின்ட் அடித்துப் பிறகு சேர்ப்பது உங்கள் வழக்கமென்றால், அடிப்பதற்கு முன்பே அந்த முகங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள்.

சூப்பர் க்ளூவில் எந்த வகை

மெல்லியது தண்ணீர் போல ஓடும். பாகங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு விளிம்பில் ஒரு துளி தொட்டால் தந்துகிக் கவர்ச்சியில் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். தலைமுடி அளவு விரிசலுக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் அதே வேகத்தில் உங்கள் விரல் நுனிக்கும் போகும். மளிகைக் கடையில் கிடைக்கும் சின்ன ஃபெவிக்விக் டியூபில் இருப்பது இந்த ஓடுகிற வகைதான்.

அடுத்தது நடுத்தரம், உதாரணத்துக்கு லாக்டைட் 401. கை, தலை, ஆயுதம் போன்ற அன்றாட இணைப்புகளில் முக்கால்வாசி இதிலேயே முடிந்துவிடும். ஒரே ஒரு வகைதான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள்.

ஜெல் (லாக்டைட் 454 போன்றது) வைத்த இடத்தில் நிற்கும், செங்குத்தான முகத்திலும் வழியாது. பிடிக்கச் சற்று நேரம் எடுத்துக்கொள்வதால் கோணத்தைத் திருத்திக்கொள்ளப் பத்து, பதினைந்து நொடி அவகாசம் கிடைக்கும். சுருக்கத்தால் சரியாகப் பொருந்தாத வார்ப்புகளுக்கு ஏற்றது.

கறுப்பு நிறத்தில் ரப்பர் கலந்து வரும் வகையும் உண்டு (லாக்டைட் 480). சாதாரண சூப்பர் க்ளூ நேராக இழுத்தால் அபாரமாகத் தாங்கும், ஆனால் கண்ணாடி போல நொறுங்கும் குணம். மேசையிலிருந்து ஒருமுறை விழுந்தால் போயிற்று. ரப்பர் கலந்தது அந்த அதிர்ச்சியை உள்வாங்கும். விளையாட்டு மேசையில் கைமாறிக்கொண்டே இருக்கும் பொம்மைகளுக்கு நல்லது. நிறம் கறுப்பு என்பதால் ஒட்டிய பிறகு பெயின்ட் அடிக்கும் இடத்துக்கு மட்டும். பிடிக்க நேரம் அதிகம் எடுக்கும், பொறுமை வேண்டும்.

வைக்கும் முறை: டியூபிலிருந்து நேராகப் பொம்மைமேல் அழுத்தாதீர்கள். பழைய பிளாஸ்டிக் மூடியில் ஒரு சொட்டு விட்டு, குண்டூசி முனையிலோ தையல் ஊசியின் காதிலோ எடுத்து, ஒரு முகத்தில் மட்டும் வையுங்கள். விரல் நகமளவு முகத்துக்குக் கடுகளவு போதும். 20 முதல் 30 நொடி அசையாமல் பிடியுங்கள். பிடித்ததா என்று 5 நொடியில் அசைத்துப் பார்ப்பதுதான் பாதி இணைப்புகளைக் கெடுக்கிறது. பாதி இறுகிய படலம் ஒருமுறை உடைந்தால் மறுபடி சேராது. அதை முழுக்கச் சுரண்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். முழு வலுவுக்கு 24 மணி நேரம்.

அவசரத்துக்கு விற்கும் ஆக்ஸிலரேட்டர் ஸ்பிரே நொடியில் இறுக்கிவிடும், ஆனால் இணைப்பு மேலும் நொறுங்குந்தன்மையாகும், பல சமயம் வெள்ளைப் பூச்சும் படியும். ஆப்ப சோடா தூவுவதும் இதே வேலைதான்: சோடாவின் காரத்தன்மை பசையைத் தூண்டி உடனே கல்லாக்கிவிடும். பள்ளம் நிரப்ப நல்ல தந்திரம், ஆனால் அந்தக் கல் ரெசினைவிடக் கடினம். உப்புத்தாள் போட்டால் ரெசின் தேய்ந்து, சோடா மேடாக நிற்கும். முகம், தோல் போன்ற வழவழப்பான இடங்களில் வேண்டாம். பாறை, பேஸ் என்றால் தாராளமாகச் செய்யலாம்.

ஒட்டிய இடத்தைச் சுற்றி வெண்படலம் பூத்தால் அது பசையின் ஆவி, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து இறுகிப் படிந்தது. சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் இது தினசரித் தொல்லை. பசையைக் குறைப்பது முதல் மருந்து. மூடிய பெட்டிக்குள் காயவைக்காமல் மின்விசிறிக் காற்று லேசாகப் படும்படி வைப்பது இரண்டாவது. மாறாக, ஏசி போட்டு வறண்ட அறையில் பசை பிடிக்க மறுத்தால், ஒட்டும் முகத்தில் ஒருமுறை வாயால் ஊதுங்கள். மூச்சின் ஈரம் போதும்.

எபாக்சி எப்போது

எடை, இடைவெளி, நெம்புகோல் இழுவை, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் எபாக்சிக்குப் போய்விடுங்கள். நீட்டிய சிறகு, ஒற்றைக் காலில் நிற்கும் குதிரை, கனமான ரெசின் உடலை உலோகப் பேஸில் பொருத்துவது எல்லாம் இதில் சேரும். சூப்பர் க்ளூவுக்குப் பக்கவாட்டு விசை ஆகாது. நீட்டிய சிறகு நாள் முழுக்கச் செய்வது அதைத்தான்.

அரால்டைட் மாதிரி மெதுவாக இறுகும் வகை வலு அதிகம், ஆனால் பல மணி நேரம் தாங்கிப் பிடிக்க ஏற்பாடு வேண்டும். மினியேச்சர் வேலைக்கு 5 நிமிட வகையே வசதி. அந்த 5 நிமிடம் சுமார் 25 டிகிரி அறைக்குச் சொன்ன கணக்கு. மே மாதத்து மதியத்தில் 3 நிமிடம் கிடைத்தால் பெரிது. கலந்ததை உருண்டையாக விடாமல் ஓட்டின்மேல் மெல்லியதாகப் பரப்பிவைத்தால் அதன் சூடு வெளியேறி இன்னும் சற்று அவகாசம் தரும்.

இரண்டு டியூபிலிருந்தும் ஒரே நீளத்துக்குப் பிதுக்குங்கள். சமம் என்பது கன அளவில்தான், எடையில் அல்ல. ஸ்டாண்டர்டு அரால்டைட்டில் எடைக் கணக்கு, ஒரு டியூபில் உள்ள பசை 100-க்கு மற்ற டியூபில் உள்ள ஹார்டனர் (இறுக்கும் பொருள்) 80, ஏனென்றால் ஹார்டனர் லேசானது. நகைத் தராசில் சமமாக நிறுத்துக் கலந்தவர்களுக்கு ரப்பர் மாதிரித் தொளதொளத்த பசை கிடைத்ததற்குக் காரணம் இதுவே. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டுவதும் தப்பு. அது வேகத்தைக் கூட்டாது, மிச்ச ஹார்டனர் உள்ளேயே தங்கி இணைப்பை இளக்கமாக்கும். ஒரு நிமிடம் முழுசாக, ஓரங்களை வழித்து வழித்துக் கலக்குங்கள். கோடுகோடாகத் தெரிந்தால் கலவை முடியவில்லை.

ஒரு டிராகன் சிறகைப் பொருத்தும்போது

சிறகு உள்ளங்கை அளவு, உடலோடு சேரும் இடம் கட்டைவிரல் நக அளவு என்று வைத்துக்கொள்வோம். இங்கே பசை மட்டும் போதாது, உள்ளே கம்பி வேண்டும்.

சிறகின் அடி முகத்தில் இரண்டு புள்ளி குறியுங்கள். ஒன்று போதாதா என்றால், ஒற்றைக் கம்பியைச் சுற்றிச் சிறகு சுழலும். கைத் துளைப்பான் (பின் வைஸ்) கொண்டு 1 மில்லிமீட்டர் பிட்டால் 5 முதல் 6 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் துளையுங்கள். கையால் மெதுவாகத் திருப்புங்கள், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் தூசைத் தட்டுங்கள். மோட்டார் டிரில் வேகத்தில் ரெசின் சூடாகிப் பிட்டைக் கவ்விக்கொள்ளும். சுவர் மெலிந்த இடத்தில் விரலை மறுபுறம் வைத்துத் துளைக்காதீர்கள், பிட் வெளியே வந்தால் விரலில்தான் முடியும்.

இப்போது இரண்டு துளை வாயிலும் அழியும்படியான அக்ரிலிக் பெயின்ட் ஒரு பொட்டு வைத்து, ஈரம் காய்வதற்குள் சிறகை உடலில் சரியான கோணத்தில் ஒற்றி எடுங்கள். உடலில் இரண்டு பொட்டு விழுந்திருக்கும். அந்த இடத்தில் 1.2 மில்லிமீட்டர் பிட்டால் துளையுங்கள். உடல் பக்கத் துளை சற்றே பெரிதாக இருப்பதால், பொட்டு அரை மயிரிழை தள்ளியிருந்தாலும் கம்பி வழிவிடும். மிச்ச இடத்தை எபாக்சி நிரப்பிக்கொள்ளும்.

கம்பிக்கு 1 மில்லிமீட்டர் பித்தளை சிறந்தது. கிடைக்காவிட்டால் ஜெம் கிளிப்பை நிமிர்த்தி வெட்டலாம், சாதாரண அளவு கிளிப்பின் தடிமன் கிட்டத்தட்ட அதுவே. கம்பியின் மேல் அரத்தால் குறுக்கே கீறுங்கள். முதலில் சிறகுப் பக்கம் மட்டும் சூப்பர் க்ளூ வைத்துக் கம்பிகளைப் பதித்து, இறுகியதும் பசையில்லாமல் உடலில் பொருத்திப் பாருங்கள். முட்டினால் கம்பியை அரை மில்லிமீட்டர் வெட்டுங்கள். கம்பியின் நீளம் துளையின் ஆழத்தைவிடக் கூடுதலாக இருப்பதால்தான் சிறகு ஒட்டாமல் தூக்கிக்கொண்டு நிற்கும்.

எபாக்சியைக் கலந்து, பல்குச்சியால் உடலின் துளைகளுக்குள் முதலில் இறக்குங்கள். கம்பியைச் செருகும்போது சற்றே முன்னும் பின்னும் ஆட்டினால் உள்ளே சிக்கிய காற்று வெளியேறும். முகத்தின் நடுவில் மெல்லியதாகப் பூசி, விளிம்பிலிருந்து 1 மில்லிமீட்டர் விட்டுவிடுங்கள். அழுத்தும்போது அது அங்கே தானாகப் பரவும். பிதுங்கியதை இறுகுவதற்கு முன்பே ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைக்கலாம். (பிதுங்கியது சூப்பர் க்ளூவாக இருந்தால் பஞ்சு வேண்டாம். பருத்தியோடு சேர்ந்தால் அது சுடச்சுடக் கொதித்துப் புகையும்.) பிறகு சிறகுக்கு அடியில் புத்தகமோ களிமண் உருண்டையோ முட்டுக்கொடுத்து ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். எடையைத் தாங்கவிடுவது மறுநாள்.

முட்டுக்கொடுக்கவே முடியாத கோணமென்றால், முகத்தின் ஒரு மூலையில் எபாக்சி படாத இடத்தில் ஒரு துளி ஜெல் வையுங்கள். ஜெல் நொடிகளில் பிடித்துத் தாங்க, எபாக்சி நிதானமாக வலுவாகும். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. எபாக்சி ஹார்டனரில் உள்ள அமீன் சூப்பர் க்ளூவை அந்தக் கணமே இறுக்கிவிடும், நீங்கள் அழுத்துவதற்கு முன்பே.

இடைவெளி பெரிதாக உள்ள இணைப்புக்கு, கலந்த கிரீன் ஸ்டஃப் என்ற எபாக்சி புட்டியைப் பட்டாணியில் பாதி உருட்டி நடுவில் வைத்து, இரு முகத்திலும் சூப்பர் க்ளூ தொட்டு அழுத்துவது பழைய கைவேலை. பசை புட்டியைப் பிடிக்கும், புட்டி இடைவெளியை அடைக்கும், பிதுங்கியதைத் தசையாகவோ செதிலாகவோ செதுக்கிக்கொள்ளலாம். எம்-சீலும் வலுவாகப் பிடிக்கும், ஆனால் அதன் பதம் சொரசொரப்பு. வெளியே தெரியும் இடத்துக்கு வேண்டாம்.

யூவி ரெசினையே பசையாக

பிரிண்ட் செய்த அதே ரெசினை ஒரு துளி வைத்து 405 நானோமீட்டர் டார்ச் அடித்தால் ஒட்டிவிடும் என்பது பாதி உண்மை. வெளிச்சம் எட்டும் விளிம்பு இறுகும். சாம்பல் நிற ரெசினுக்குள் வெளிச்சம் போகாது, நடுவில் திரவமாகவே தங்கும். விளிம்புத் தோல் மட்டும் தாங்கும் இணைப்பு எத்தனை நாளைக்கு? மேலே தெரியும் சிறு விரிசலை நிரப்புவதற்கும், ஒளி புகும் தெளிவான பாகங்களுக்கும் பயன்படுத்துங்கள். கையுறை கட்டாயம். இறுகாத ரெசின் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்தால் அது போகாது.

காக்பிட் கண்ணாடி மாதிரித் தெளிவான பாகத்தில் சூப்பர் க்ளூ வைத்தால் பனி மூட்டம் போலப் பூத்துவிடும். அங்கே ஃபெவிக்கால் போதும், எடை ஏதுமில்லை. பேஸில் மணல், கார்க், புல் ஒட்டவும் அதுவே. ரெசினோடு ரெசினைச் சேர்க்க ஃபெவிக்கால் உதவாது. நீர் உறிஞ்சாத இரு முகங்களுக்கு நடுவே அது காயவே காயாது.

கோணலாக ஒட்டிவிட்டால்

சூப்பர் க்ளூ என்றால் பொம்மையை ஒரு பையில் போட்டு ஃப்ரீசரில் இரண்டு மணி நேரம் வையுங்கள். குளிரில் பசை மேலும் நொறுங்குந்தன்மையாகும். எடுத்த உடனே இணைப்பைத் திருகினால் ‘டிக்’ என்று விட்டுவிடும். ரெசினும் குளிரில் எளிதில் உடையும் என்பதால், மெல்லிய பாகத்தைப் பிடித்துத் திருகாமல் தடித்த பாகத்தைப் பிடியுங்கள். அசிட்டோனில் ஊறப்போடுவது உலோகப் பொம்மைக்கான வைத்தியம். ரெசினை அது இளக்கிச் செதுக்கலையே கெடுத்துவிடும். எபாக்சி இறுகிவிட்டால் மெல்லிய ரம்பத்தால் அறுப்பதைத் தவிர நல்ல வழி கிடையாது.

விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள். வெந்நீரில் சோப்பு போட்டு ஊறவைத்து, உருட்டினாற்போல மெல்லப் பிரியுங்கள். அசிட்டோன் கலந்த நெயில் பாலிஷ் ரிமூவரும் உதவும், ஆனால் கண், உதடு பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது. கண்ணில் பட்டால் தண்ணீரால் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

மிச்சப் பசையைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப்புகா டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். எடுத்ததும் திறக்காமல் அரை மணி நேரம் வெளியே வைத்து அறைச் சூட்டுக்கு வந்தபின் திறவுங்கள். குளிர்ந்த டியூபைத் திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே வியர்த்து, பசை அங்கேயே இறுகிவிடும். மூடுவதற்கு முன் டியூபை நிமிர்த்திப் பிடித்து மேசையில் தட்டி, அதன் மூக்குக்குள் நிற்கும் பசையைக் கீழே இறக்கி, மூக்கைத் துடைத்துவிட்டு மூடுங்கள்.